பட்டணத்துக்குப் படிப்பிக்கப் போன ஆக்கள்

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருத்தர் படிப்பிக்கிற வேலை தேடிப் பட்டணம் போறார் என்றால் இண்டைக்கு அது கொழும்பு. வெள்ளவத்தையில் ஒரு அறை, பகலில் ஏதாவதொரு நிறுவனத்தில் தற்காலிகப் போதனாசிரியர், பின்னேரம் டியூஷன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ் படித்த ஒருத்தருக்குப் பட்டணம் என்பது சென்னபட்டணம். யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்ததே 1905இல் தான். அதுக்கு முந்தின காலத்தில் கடலைத் தாண்டி நாகபட்டினக் கரையில் இறங்குவது எங்கட ஆக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகின வழி.

அப்படிப் போனவர்களைப் பற்றி எங்கட பாடப்புத்தகங்களில் படித்திருப்பம். தமிழுக்குத் தொண்டு செய்யப் போனார்கள் என்று இருக்கும். அது பொய்யில்லை. ஆனால் அவர்கள் வேலை தேடியும் போனார்கள். அந்தப் பக்கத்தைச் சொன்னால் பெரியவர்களின் மதிப்புக் குறைஞ்சிடும் என்ற மாதிரி ஒரு கூச்சம் எங்களுக்கு இருக்கு. எனக்கு அந்தப் பக்கம்தான் கூடச் சுவாரசியம்.

முதலில் சென்னையில் என்ன வேலை இருந்தது என்று பார்க்க வேணும். கிழக்கிந்தியக் கம்பனி 1812இல் அங்கே ஒரு கல்லூரி தொடங்கியது, கோட்டைக் கல்லூரி என்று சொல்லுவார்கள். மாணவர்கள் இங்கிலாந்தில் இருந்து வந்த இளம் துரைமார். நாட்டு மொழியில் சோதனை பாஸ் பண்ணினால்தான் அவர்களுக்கு உத்தியோகத்தில் மேலே போகலாம். ஆகவே தமிழ் சொல்லிக்குடுக்க முன்ஷிமார் தேவைப்பட்டார்கள். திண்ணையில் இருந்து ஏடு பிடித்துப் படிப்பித்த புலவர்களுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்று அறிமுகமானது இப்படித்தான். தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் எழுதியது இந்தக் கல்லூரிச் சூழலில். பிறகு மிஷன் பள்ளிக்கூடங்கள், அரசாங்கக் கல்லூரி, அச்சுக்கூடங்கள் எல்லாம் பெருகப் பெருக, தமிழும் இங்கிலீசும் தெரிந்த ஆளுக்குப் பட்டணத்தில் ஒரு விலை வந்தது.

அந்த மாதிரி ஆக்களை ஒரு இடத்தில் வைத்துத் தயாரித்தது வட்டுக்கோட்டை. அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய செமினரியில் இங்கிலீசு, கணிதம், வானசாஸ்திரம், கூடவே தமிழும் சமஸ்கிருதமும் படிப்பித்தார்கள். அதை 1855இல் மூடினார்கள். ஏன் மூடினார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய விசயம். அமெரிக்காவில் இருந்து மிஷன் சபையின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் வந்து பார்த்தார். கிராமத்துப் போதகர்கள் உருவாக வேணும் என்பது சபையின் எதிர்பார்ப்பு. நடந்ததோ, இங்கிலீசு படித்த பெடியள் சம்பளம் கூடின அரசாங்க உத்தியோகங்களுக்குப் போனார்கள். இனி ஊர் மொழியில் படிப்பித்தால் போதும் என்று முடிவெடுத்தார்கள். அதாவது, படித்தவனுக்கு வேலை கிடைத்தது என்பதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் வந்த குற்றச்சாட்டு. "இந்தக் காலத்துப் பெடியள் வேலைக்காகப் படிக்கினம், அறிவுக்காகப் படிக்கேல்ல" என்று இப்பவும் மேடையில் சொல்லுகிறவர்கள் இருக்கினம். நூற்றெழுபது வருசப் பழசான குறை இது. அதைச் சொன்னவர்கள் எல்லாருக்கும் அப்பவும் மாதச் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது.

சி. வை. தாமோதரம்பிள்ளை அந்தச் செமினரியில் படித்தவர். 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்தார்; சி என்பது சிறுப்பிட்டி, வை என்பது தகப்பன் வைரவநாதர். படித்து முடித்துக் கோப்பாயில் ஆசிரியராக இருந்தார். அங்கேயே இருந்திருக்கலாம். அவரைச் சென்னைக்குக் கூப்பிட்டவர் பேர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் பள்ளிக்கூடம் நடத்தி, ஆறுமுக நாவலரை வைத்துப் பைபிளை மொழிபெயர்த்த அதே பேர்சிவல் தான். இதுக்கிடையில் அவரும் சென்னைக்குப் போய்த் தினவர்த்தமானி என்ற பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். தாமோதரம்பிள்ளைக்கு முதலில் அந்தப் பத்திரிகையில் வேலை, பிறகு இராசதானிக் கல்லூரியில் தமிழ் படிப்பிக்கிற வேலை, பிறகு கள்ளிக்கோட்டையில் அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியர். விண்ணப்பப் படிவம் நிரப்பி நேர்முகத்துக்குப் போன கதை இல்லை இது. உன்னைத் தெரிந்த ஒருத்தர் அங்கே முதலே போய் இருக்க வேணும். பேர்சிவலே பின்னாளில் இராசதானிக் கல்லூரியில் பேராசிரியராகவும் பல்கலைக்கழகத்தில் பதிவாளராகவும் இருந்தார் என்றால் அந்தத் தெரிஞ்ச ஆளின் பெறுமதியை யோசித்துப் பாருங்கோ.

ஆனால் தெரிஞ்ச ஆள் மட்டும் போதாத காலம் உடனேயே வந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டே பேர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. இரண்டு பேரும் யாழ்ப்பாணம் என்று பெருமையாகச் சொல்லிப் போட்டு நாங்கள் அடுத்த கதைக்குப் போயிடுவம். நான் விசுவநாதபிள்ளையிடம் கொஞ்சம் நிக்க விரும்புறன். அவர் வட்டுக்கோட்டையில் படிப்பித்தவர். அட்சரகணிதத்தைத் தமிழில் எழுதி, வீசகணிதம் என்று 1855இல் புத்தகமாகப் போட்டவர். அதே வருசம்தான் அவர் படிப்பித்த இடத்தை மூடினார்கள். தாமோதரம்பிள்ளையை விடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவர். புத்தகம் எழுதிய ஆசிரியரும் அங்கே மாணவனாக இருந்தவரும் ஒரே சோதனைக்கு இருந்தார்கள். வட்டுக்கோட்டைக்குப் பட்டம் குடுக்கிற அதிகாரம் இருக்கவில்லை. அங்கே எவ்வளவு படித்திருந்தாலும், எவ்வளவு படிப்பித்திருந்தாலும், பட்டணத்தில் காட்ட ஒரு கடதாசி தேவைப்பட்டது. பத்து வருசம் அனுபவம் உள்ள ஒருத்தர், சான்றிதழ் இல்லை என்பதற்காக இப்பவும் திரும்பப் போய் டிப்ளோமா படிக்கிறார்தானே.

கடதாசி கிடைத்த பிறகு தாமோதரம்பிள்ளை படிப்பித்தலில் நிக்கவில்லை. அரசாங்கக் கணக்குப் பகுதிக்குப் போனார். 1871இல் சட்டப் பட்டமும் எடுத்தார். உத்தியோகத்தில் இருந்து இளைப்பாறிய பிறகு புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். வீரசோழியம் 1881, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887 என்று அவர் பதிப்பித்த நூல்களுக்குப் பின்னால் இருந்தது கணக்குப் பகுதியின் சம்பளமும் ஓய்வூதியமும்தான். தமிழ்ப் பண்டிதராகவே நிண்டிருந்தால் இவ்வளவும் செய்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். இங்கிலீசு படிப்பிக்கிறவருக்கும் தமிழ்ப் பண்டிதருக்கும் அந்தக் காலக் கல்லூரிகளில் சம்பளமும் மரியாதையும் ஒன்றில்லை. உ. வே. சாமிநாதையர் கடைசி வரை ஆசிரியராக இருந்தே செய்தாரே என்று யாரும் கேட்கலாம். உண்மை. அவருக்கும் 1880இல் கும்பகோணம் கல்லூரி வேலை கிடைத்தது, தியாகராச செட்டியார் தான் இளைப்பாறும்போது தன் இடத்துக்கு அவரைச் சொல்லிவிட்டதால். சென்னைக்கு வர 1903 ஆனது.

இதுக்கு நேர் எதிர்ப் பக்கம் நாவலர். 1848இல் பேர்சிவலின் பள்ளிக்கூடத்து வேலையை விட்டார், வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார், கலியாணமும் செய்யவில்லை. ஆசிரியர் என்றால் இப்படித்தான் இருக்க வேணும் என்று அவரைத்தான் எங்களுக்குக் காட்டி வளர்த்தார்கள். அவர் பெரிய ஆள், அதில் கதை இல்லை. ஆனால் வீட்டில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிற ஆசிரியரிடம் போய் நாவலரைக் காட்டுவது நியாயமில்லை. 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் பட்டதாரிகள் மாதக்கணக்காக வீதியில் இருந்து வேலை கேட்டபோதும், சேவை மனப்பான்மை இல்லை என்று அவர்களுக்குப் புத்தி சொன்னவர்கள் இருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேணும். இந்தப் பட்டியலில் ஒரு பெண் கூட இல்லை. உடுவிலில் பெண்கள் பள்ளிக்கூடம் 1824இலேயே வந்துவிட்டது, செமினரிக்கு ஒரு வருசம்தான் பிந்தி. அங்கே படித்தவர்களுக்கு இந்த வழியில் கடல் தாண்ட இடம் இருக்கவில்லை. செமினரியில் படித்தவர்களும் பெரும்பாலும் ஒரே சாதி. யார் யாருக்குத் தெரிஞ்ச ஆள் இருந்தார் என்பதை இது ஓரளவு விளங்கப்படுத்தும்.

ஒரு தலைமுறை கழித்துப் புலோலியில் இருந்து நா. கதிரைவேற்பிள்ளை போனார். இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியர். சைவத்துக்காக மேடை ஏறிச் சண்டை பிடித்தவருக்குச் சோறு போட்டது கிறிஸ்தவக் கல்லூரி! இரண்டு பக்கமும் அதைத் தெரிந்துகொண்டே சமாளித்தார்கள் போல. அகராதியும் தொகுத்தார். வள்ளலாரின் பாட்டுகள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டையில் இறங்கி நீதிமன்றம் வரைக்கும் போனார். 1907இல், நாற்பதைக் காணாமலே செத்துப் போனார்.

வெஸ்லியில் அவரிடம் படித்த பெடியன் ஒருத்தன், வாத்தியாருக்காகச் சாட்சி சொல்ல நீதிமன்றம் போய், தன் பள்ளி இறுதிச் சோதனையைத் தவறவிட்டான். படிப்பு அதோட நிண்டது. கடதாசி இல்லாத அந்தப் பெடியன் ஸ்பென்சர் கம்பனியில் கணக்கெழுதினான், பிறகு ஒரு வெஸ்லியன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரானான், கடைசியில் தன் வாத்தியார் தமிழ் படிப்பித்த அதே வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழ்ப் பண்டிதராகப் போய் இருந்தான். திரு. வி. கலியாணசுந்தரனார். அவரும் அங்கே கனகாலம் இருக்கவில்லை. 1917இல் தேசபக்தன் பத்திரிகையின் ஆசிரியர் வேலை வர, கல்லூரியை விட்டுப் போனார்.