எஞ்சாமி: ஒரு பாட்டும் என் பழைய கடனும்



காரவள்ளியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் கொல்லிமலை ஏறும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். 70 கொண்டை ஊசி வளைவுகளும் இங்கிருந்துதானே தொடங்குகின்றன! போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றுலா வேன் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனது. என் பேத்தி திண்ணையிலிருந்து குதித்து ஆட ஆரம்பித்துவிட்டாள். மூச்சு வாங்க வந்து, “தாத்தா, எஞ்சாமின்னா என்ன?” என்று கேட்டாள். வரலாறு நடத்திய வாத்தியார் சும்மா இருப்பேனா? அவளிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் எழுதுகிறேன்.

இது சினிமாப் பாட்டு அல்ல. 2021 மார்ச் 7 அன்று யூடியூபில் தனியாக வெளிவந்தது. தீயும் அறிவும் பாடியது. இசை சந்தோஷ் நாராயணன். ஏ.ஆர். ரஹ்மான் துணைநின்ற ‘மாஜா’ என்ற அமைப்பு வெளியிட்டது. கொரோனாவால் வீட்டுக்குள் முடங்கிச் சோர்ந்திருந்த காலம். உலகம் முழுக்க ஆட ஆரம்பித்தார்கள். தமிழ் தெரியாதவர்களும் ஆடினார்கள்.

நான் முதலில் கேட்டபோது, “இது என்ன கூத்து?” என்று முகம் சுளித்தவன்தான். இரண்டாம் முறை கேட்டபோதுதான் உள்ளே இருப்பது பிடிபட்டது. தீயின் குரல் இன்றைய பாப் பாட்டு மாதிரி துள்ளலாக வருகிறது. காலைத் தானாக ஆட்டவைக்கும் தாளம். நடுவில் அறிவு ராப் பாணியில் மூதாதையரைக் கூப்பிடுகிறார். ஏரியும் குளமும் விலங்குகளுக்கும் சொந்தம் என்கிறார். போகப்போக அதே பாட்டு ஒப்பாரியாக இறங்குகிறது. தோட்டம் போட்டவனுக்கே தொண்டை காய்கிறது என்ற வேதனை அங்கே வருகிறது. இழவு வீட்டில் பறை முழங்க ஆடவும் செய்வார்கள், மாரடித்து அழவும் செய்வார்கள். நம் ஊர்களில் பார்த்ததுதானே? அந்த இரண்டையும் ஒரே பாட்டில் கட்டியிருக்கிறார்கள்.

அந்தத் தோட்டம் எது? அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். திரும்பி வந்தபோது கையில் நிலம் கிடையாது. இதை அறிவே சொல்லியிருக்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கண்டி மலைகளில் முதலில் காப்பியும், அது நோயில் அழிந்த பிறகு தேயிலையும் போட்டார்கள். காட்டை அழித்துத் தோட்டமாக்க ஆள் வேண்டும். நம் சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்தும் கங்காணிகள் கூட்டம் கூட்டமாக அழைத்துப் போனார்கள். தலைமுறைகள் லயத்து வீடுகளிலேயே கழிந்தன. 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றதும் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. மூட்டை முடிச்சோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் ஏராளம்.

பாட்டு புகழ் பெற்ற பிறகு, யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சர்ச்சையும் எழுந்தது. 2022-இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அது பாடப்பட்டபோது பேச்சு பெரிதானது. அவரவர் தரப்பை அவரவர் சொன்னார்கள். நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நட்டவர் யார், பலன் யாருக்கு என்பதைக் கேட்கும் பாட்டுக்கே அந்தக் கேள்வி வந்ததுதான் எனக்கு உறுத்தியது.

இனி, பேத்தியிடம் சொல்லாமல் விட்டது.

1983-இல் மலைமேல் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். வயது இருபத்தேழு. ஒரு கிழவி பேரனைச் சேர்க்க வந்தார். கண்டியில் கொழுந்து பறித்து, கப்பலில் திரும்பி, இங்கே காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போனவர். என் மேசைக்கு முன் குனிந்து நின்று, “சாமி, நீங்கதான் இவனுக்குக் கண்ணைத் தொறக்கணும்” என்றார். எதிரில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. என்னைவிட நாற்பது வயது மூத்தவர் என்னைச் சாமி என்றது மரியாதை என்று மகிழ்ந்துபோனேன். வெளியே போனதும் பையன் தலையைத் தடவி, “ஏஞ்சாமி, நல்லாப் படிக்கோணும்” என்றார். அதுவும் காதில் விழுந்தது.

பண்ணையாருக்கு முன்னால் பயந்து சொன்ன சாமியும், பேரப்பிள்ளையைக் கொஞ்சும் சாமியும் ஒரே சொல். அறிவு அந்தச் சொல்லைக் கூனி நின்ற இடத்திலிருந்து எடுத்துக் குழந்தையின் கன்னத்துக்குக் கொண்டுபோய்விட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்தியும் எனக்கு அது விளங்காமல் போனது.

அந்தப் பையன் இதைப் படிக்கிறானா தெரியாது. படித்தால், தம்பி, உன் பாட்டியை நிற்கவைத்ததற்கு என்னை மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், எங்கிருந்து வந்தோம், யார் நிலத்தில் உழைத்தோம் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேட்கும்போது முதலில் அவர்களை உட்காரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார், காரவள்ளி