அடையாறு

சென்னையின் தென்பகுதி வழியாக ஓடி வங்கக் கடலில் கலக்கும் ஆறு. நீளம் சுமார் 42 கி.மீ. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திருநீர்மலை அருகே சேர்ந்த பிறகே அகன்ற ஆறாகத் தெரிகிறது. ஏரி நிரம்பித் திறக்கப்பட்டால் கரையோரக் குடியிருப்புகளுக்கு ஆபத்து. 2015 டிசம்பர் வெள்ளம் அதை மறக்கமுடியாதபடி காட்டியது.

இதன் முகத்துவாரத்தில், ஆங்கிலேயரின் அன்றைய நாட்காட்டிப்படி 1746 அக்டோபர் 24 அன்று அடையாற்றுப் போர் நடந்தது. பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியிருந்த சென்னையை மீட்க, ஆற்காட்டு நவாப் அன்வருத்தீனின் மகன் மாஃபூஸ்கான் சுமார் 10,000 பேருடன் வடகரையில் நின்றார். புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுத் தளபதி பாரடியின் படை ஏறத்தாழ ஆயிரம் பேர்தான், பீரங்கி கிடையாது. அவர்கள் ஆற்றில் இறங்கிக் கடந்து, வரிசைகுலையாமல் சுட்டார்கள். நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் சிதறி ஓடியது. எண்ணிக்கையைப் பயிற்சி வெல்லும் என்பதை ஐரோப்பியர் தென்னிந்தியாவில் உறுதியாக உணர்ந்தது இந்தக் கரையில்தான்.