பாவாடையால் பந்தைத் தடுத்தால் ஃபவுல்

ஹர்லிங் என்று ஓர் ஆட்டம். அயர்லாந்துக்காரர்களுக்கு உயிர். நம்ம ஹாக்கி மட்டையின் முனையை அகலமாக்கி, பந்தைத் தரையில் உருட்டாமல் தலைக்கு மேல் பறக்க விட்டு, அணிக்குப் பதினைந்து பேர் ஓடினால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான். ஹெச் மாதிரி நிற்கும் கம்பத்தில் குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. கம்பிக்கு மேலே போனால் 1 புள்ளி. இதையே பெண்கள் ஆடினால் அதற்குப் பெயர் கமோகி.

ஹர்லிங் வீடியோ பார்க்கப் போய்த்தான் நான் கமோகியில் மாட்டிக்கொண்டேன். பார்த்ததும் எழுந்த முதல் கேள்வி: அதே மைதானம், அதே கம்பம், அதே பதினைந்து பேர். அப்புறம் எதற்குத் தனிப் பெயர், தனி விதிப் புத்தகம்?

பெயரில் இருந்தே ஆரம்பிக்கலாம். ஐரிஷ் மொழியில் ஹர்லிங் மட்டைக்குக் கமான் என்று பெயர். பெண்களுக்கென்று கொஞ்சம் குட்டையாக ஒரு மட்டை செய்தார்கள், அதற்குக் கமோக் என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் கமோகி. ஆக, மட்டையைச் சின்னதாக்கியதில்தான் ஆட்டமே பிறந்திருக்கிறது!

ஆண்களுக்கான கேலிக் தடகளச் சங்கம் 1884-இல் தர்லஸ் ஊரில் தொடங்கியது. அதில் பெண்களுக்கு இடமில்லை. இருபது வருடம் கழித்து, டப்ளினில் ஐரிஷ் மொழியை மீட்கப் பாடுபட்ட கேலிக் லீக்கைச் சேர்ந்த பெண்கள் தாங்களே விதி எழுதி ஆடத் தொடங்கினார்கள். அவர்களில் முக்கியமானவர் மோய்ரா நீ கின்னேட. நாடகம் எழுதியவர், பின்னாளில் கமோகி சங்கத்தின் முதல் தலைவி. பொதுமக்கள் முன் முதல் ஆட்டம் 1904 ஜூலை 17, நாவன் என்ற ஊரில். கீட்டிங்ஸ் அணி, கூஹுலின்ஸ் அணி. மொத்த ஆட்டத்துக்கும் ஒரே ஒரு கோல், ஜெயித்தது கீட்டிங்ஸ்.

அன்றைக்கு அவர்கள் உடுத்தியிருந்தது கணுக்காலைத் தொடும் நீளப் பாவாடை. அதனால் ஆரம்ப கால விதிகளில் ஒன்று: பந்தை வேண்டுமென்றே பாவாடையால் தடுத்தால் ஃபவுல். முதலில் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு யோசித்தால், வேறு என்னதான் செய்வார்கள்? அவ்வளவு துணியைக் கட்டிக்கொண்டு நின்றால் கோல்கீப்பரே தேவையில்லையே.

மற்ற விதிகளும் அந்தக் காலத்துக் கணக்குத்தான். அணிக்குப் 12 பேர். மைதானமும் சின்னது. இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது கம்பம். கமோகிக் கம்பத்தின் உச்சியில் இன்னொரு குறுக்குக் கம்பி இருந்தது. ஹர்லிங்கில் பந்து எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் கம்பங்களுக்கு நடுவே போனால் புள்ளி உண்டு. கமோகியில் அந்த இரண்டாவது கம்பியைத் தாண்டி உயரே போனால் புள்ளி கிடையாது. நன்றாக ஓங்கி அடித்ததற்குத் தண்டனை! இது 1979 வரை இருந்தது.

நான் காமர்ஸ் மாணவன், எனக்கு இதைப் பார்த்ததும் லெட்ஜர்தான் ஞாபகம் வந்தது. போன வருட மீதியை இந்த வருடத்தின் தொடக்க மீதியாக எடுத்து எழுதுவோம். அதற்கு அடுத்த வருடமும் அப்படியே. அந்தத் தொகை முதலில் எந்த வவுச்சரில் இருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஆடியவர்கள் ஒன்றும் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. 1932-இல் அகில அயர்லாந்து சாம்பியன்ஷிப் தொடங்கியது. டப்ளினுக்காக ஆடிய கேத்லீன் மில்ஸ் 1942-இல் இருந்து 1961 வரை 15 முறை அந்தப் பட்டத்தை வென்றார். கில்கென்னியின் இரட்டைச் சகோதரிகள் ஏஞ்சலா டவுனி, ஆன் டவுனி இருவரும் ஆளுக்குப் 12. அவர்களுடைய அப்பாவும் கில்கென்னிக்கு ஹர்லிங் ஆடியவர்.

ஏஞ்சலாவின் 1989 இறுதிப் போட்டிக் கதையைச் சொல்லாமல் கமோகி வரலாறு எழுத முடியாது. கார்க் அணியோடு ஆட்டம். கோலை நோக்கிப் பாய்கிறார். கையில் இருந்த மட்டை போய்விட்டது. இழுபறியில் பாவாடையும் கழன்று போனது. நிற்கவில்லையே மனுஷி! வெறுங்கையால் பந்தை வலைக்குள் தள்ளிவிட்டுத்தான் ஓய்ந்தார். ஹர்லிங்கில் இந்தக் கை கோலுக்கு அப்போது அனுமதி கிடையாது, கமோகியில் செல்லும். கோப்பை கில்கென்னிக்கு.

1999-இல் கமோகியும் 15 பேர் ஆட்டமானது, முழு அளவு மைதானம் வந்தது. அந்த வருடமே டிப்பரரி முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. தொண்ணூற்றைந்து வருடம் ஆகியிருக்கிறது மூன்று பேரைக் கூட்ட.

அதற்குப் பிறகும் மிஞ்சிய வித்தியாசங்கள்? கமோகிப் பந்து 4-ஆம் எண், ஹர்லிங் பந்து 5-ஆம் எண். சின்னது, எடையும் குறைவு. மாவட்ட அணிகளின் சீனியர் ஆட்டம் கமோகியில் 60 நிமிடம், ஹர்லிங்கில் 70. தடுப்பவர் மட்டையில் பட்டுப் பந்து எல்லைக்கோட்டுக்குப் பின்னால் போனால் ஹர்லிங்கில் 65 மீட்டரில் இருந்து ஃப்ரீ, கமோகியில் 45. மட்டை முனையில் கட்டும் தகரப் பட்டையைக் கமோகியில் டேப் சுற்றி மறைக்க வேண்டும். இவற்றில் எனக்குப் புகார் இல்லை. பந்து சின்னதாக இருப்பதால் ஆட்டம் சின்னதாகி விடாது.

தோள் விஷயம் வேறு. ஹர்லிங்கில் தோளோடு தோள் மோதிப் பந்தைப் பறிக்கலாம், அதுதான் அந்த ஆட்டத்தின் உப்பு. கமோகியில் அது நெடுங்காலம் ஃபவுலாகவே இருந்தது. ஆடுபவர்களோ வருடத்துக்கு வருடம் வலுவாகிக்கொண்டே போனார்கள். நடுவர் விசில் ஊதி ஊதியே ஆட்டம் நின்று நின்று நகர்ந்தது. 2022-இல்தான், பந்துக்காக நியாயமாக முயலும்போது பக்கவாட்டில் லேசாக உரசலாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். லேசாக!

கடைசியாக நின்றது பாவாடை. நீளம் குறைந்து குறைந்து 'ஸ்கார்ட்' ஆகிவிட்டது. வெளியே பாவாடை, உள்ளே அரைக்கால் சட்டை. பயிற்சிக்கு எல்லோரும் ஷார்ட்ஸ்தான். போட்டி என்றால் மட்டும் ஸ்கார்ட் கட்டாயம். இதை மாற்ற 2024 ஏப்ரலில் சங்கத்தின் மாநாட்டில் இரண்டு தீர்மானங்கள் வந்தன. இரண்டும் தோற்றன. ஆண்கள் பெண்கள் மேல் திணித்தது என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். ஆனால் விதியை எழுதியது பெண்கள் கட்டிய சங்கம், காப்பாற்றியதும் அதே சங்கம்தான். 1904-இல் நாலு பேர் முன்னால் ஆட வேண்டும் என்றால் அந்தப் பாவாடை தேவைப்பட்டிருக்கும். 2024-இல் யாருக்குத் தேவைப்பட்டது?

அடுத்த வருடம் மே 3. லென்ஸ்டர் அரையிறுதி, டப்ளினும் கில்கென்னியும். இரண்டு அணியும் பேசி வைத்துக்கொண்டு ஷார்ட்ஸில் மைதானத்துக்கு வந்தன. மாற்றாவிட்டால் ஆட்டம் ரத்து என்றார் நடுவர். போய் மாற்றிக்கொண்டு வந்து ஆடினார்கள். எதிரெதிர் அணிகள் ஒன்றாகச் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. செய்தி அயர்லாந்தைத் தாண்டிப் போனது. மே 22-இல் குரோக் பார்க்கில் சிறப்பு மாநாடு கூடியது, 98 சதவீதம் பேர் 'விருப்பம் போல உடுத்தலாம்' என்று ஓட்டுப் போட்டார்கள். ஒரே வருடத்தில் இப்படி மாறுமா என்றால், மாறியிருக்கிறது. அன்று நள்ளிரவே அமலுக்கும் வந்தது.

அந்த ஆகஸ்டில் இறுதிப் போட்டி. கால்வே 1-14, கார்க் 1-13. அதாவது 17-க்கு 16. சமனில் நின்ற ஆட்டத்தைக் கடைசி நேர ஃப்ரீ ஒன்றை அடித்து முடித்து வைத்தவர் கேரி டோலன். அந்த அடியை ஏழெட்டுத் தடவையாவது பார்த்திருப்பேன். அவர் போட்டிருந்தது ஸ்கார்ட்டா ஷார்ட்ஸா என்று பார்க்க மறந்துவிட்டேன் :-)