ஏற்றத்தில் தெரியும் வண்டி

ஒரு காலத்தில் மலைநாட்டில் கார் என்றால் துரையின் கார்தான். துரை சீமைக்குத் திரும்பினால் அவருடைய ஒஸ்டினோ மொரிஸ் மைனரோ டவுன் முதலாளி கைக்கு வரும். பிறகு ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஹயர் காராக ஓடும். எழுபதுகளில் செலாவணித் தட்டுப்பாட்டால் புதுக் கார் வருவதே அரிது. ஹயர் ஓட்டிய என் அப்பாவும் அப்படிக் கைமாறி வந்த மைனரைத்தான் வாங்கினார்.

உத்தரவாதக் கடிதமெல்லாம் கிடையாது. கராஜ் பாஸைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் ஒயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் பார்ப்பார். வெள்ளை நுரை படிந்திருந்தால் ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கட் போயிருக்கும். பிறகு நாலு பேரை ஏற்றிக் கினிகத்தேனைப் பக்கம் இறங்கி, அதே ஏற்றத்தில் திரும்புவார். நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது. ரேடியேட்டர் கொதித்தால் பேரம் அங்கேயே முடிந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வியாபாரி விற்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அது துணை வராது. பாஸின் கண் தவறினால் நட்டம் நமக்குத்தான்.

1977இல் பொருளாதாரம் திறந்தது. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் வாகனங்கள் வந்து குவிந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் டொல்பின் வேனும் லீசிங்கில் ஆட்டோவும் எடுத்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். ஆனால் ஜப்பான் கம்பனியின் வொரன்டி பெரும்பாலும் கப்பலேறி வருவதில்லை. கிடைப்பது, இறக்குமதி செய்தவர் கொடுக்கும் கடிதம் மட்டும். புது வாகனத்துக்கு மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீற்றர் என்று எழுதியிருப்பார்கள். அந்த வொரன்டியிலும் கிளச் பிளேட், பிரேக் பேட் போன்ற தேயும் சாமான்கள் சேராது. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பாதைகள் முதலில் தின்பது அவற்றைத்தான்.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போனது. ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமலே பலர் முற்பணம் கட்டினார்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கொடுத்த உத்தரவாதத்தை வியாபாரி காப்பாற்றாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் கொடுக்க வேண்டும். அதுவும் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். வண்டி எடுக்கும் தம்பிமார் பாஸையும் கூட்டிப் போங்கள், பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.