‘வா’, ‘கா’: நார்வே சென்ற தமிழர் கற்ற முதல் வினாக்கள்

நார்வேஜிய மொழியின் தொடக்கப் பாடநூல் எதைத் திறந்தாலும் முதற்பாடத்தில் நான்கைந்து வினாக்கள் காத்திருக்கும். உன் பெயர் என்ன, எங்கிருந்து வருகிறாய், எங்கே வசிக்கிறாய், நலமா, நார்வேஜியன் பேசுவாயா. பெரார்கஞ்சில் எங்கள் வீட்டு வாசற்படியில் அமர்ந்து கைப்பேசியின் துணையோடு இவற்றை நான் கற்கத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. வினாத் தொடர்களின் சொல்லொழுங்கே என் ஆய்வுப்பொருள். அதுபற்றிய நல்ல கட்டுரைகள் பல திரொம்சோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவை; அவற்றின் எடுத்துக்காட்டுகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவேனும் மொழி தெரியவேண்டியிருந்தது.

முதல் நாளே செவி குழம்பிற்று. ‘என்ன’ என்பதற்கான சொல்லை அவர்கள் ‘வா’ என்று ஒலிக்கிறார்கள். ‘எங்கே’ என்பதை ‘வூர்’ என்கிறார்கள். “வா ஹேத்தர் டூ?” என்பது பெயர் கேட்பது, “வூர் கொம்மர் டூ ஃப்ரா?” என்பது எங்கிருந்து வருகிறாய் என்பது. தமிழ்ச் செவியில் முதல் வினா அழைப்பாகவும், இரண்டாம் வினா ஊரின் பேச்சாகவும் விழுகிறது. இந்த இரு வினாக்களையும் எனக்கு முன்னரே, என்னைவிட மிகக் கடினமான சூழலில், ஆயிரக்கணக்கான தமிழர் கற்றிருக்கின்றனர். அவர்கள் கற்ற வரலாற்றில் இலக்கணக்காரர்களாகிய நாம் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அந்தோணி இராஜேந்திரம் 1956இல் நார்வே சென்றார். அங்குச் சென்ற முதல் ஈழத்தமிழராக அவரைக் குறிப்பிடுவர். அவருடைய முயற்சியில் 1960களின் இறுதியில் ‘சீநோர்’ என்னும் மீன்பிடி வளர்ச்சித் திட்டம் யாழ்ப்பாணத்தில் உருவாயிற்று. அந்தத் தொடர்பின் வழியே இளைஞர் சிலர் நார்வேயின் நாட்டுப்புற உயர்பள்ளிகளுக்குச் சென்றனர். தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாத உறைவிடப் பள்ளிகள் அவை. முதலாவது 1864இல் ஹாமார் நகரில் தொடங்கியது. 1975இல் அயல்நாட்டுத் தொழிலாளர் வரவை நார்வே நிறுத்தியபோதும் மாணவர்க்கான வாயில் திறந்தே இருந்தது. 1983க்குப் பின் போர் துரத்த, அடைக்கலம் கோரிச் சென்றோர் பெருகினர். அவர்களுள் கணிசமானோர் நாட்டின் வடகோடியாகிய ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலைக்கு அமர்ந்தனர். பனைமரத்தடியிலிருந்து, குளிர்காலத்தில் இரு மாதங்கள் கதிரவனே எழாத கடற்கரைக்கு.

இன்று குடியேறுவோர்க்கு மொழிப்பயிற்சி உரிமையும் கடமையும் ஆகும். 2005இல் வந்த விதி 300 மணிநேரத்தை வகுத்தது. 2012இல் அது 600 ஆயிற்று. 1980களில் சென்றவர்கள் இந்த ஏற்பாட்டிற்கு முற்பட்டவர்கள். பாடநூலும் வகுப்பும் ஒருபுறம் இருக்க, மீன் வெட்டும் மேசையும் அவர்களுக்கு ஒரு பள்ளியாக இருந்தது.

வினாவை ஆறாகப் பகுக்கிறது நன்னூல்: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். ஆசிரியர் விடையை அறிந்துகொண்டே மாணவரைக் கேட்பது அறிவினா. “எங்கிருந்து வருகிறாய்?” என்று வகுப்பில் கேட்கப்படுவது இவ்வகை, விடை தவறினாலும் யாருக்கும் நட்டமில்லை. அதே வினாவை அடைக்கலம் கோரியவரிடம் காவல் அதிகாரி கேட்கும்போது அது ஐயவினா. சொல் ஒன்றே, ஒழுங்கு ஒன்றே. ஒருவர் அந்நாட்டில் இருப்பதா திரும்புவதா என்பது மட்டும் அதில் தொங்குகிறது. யாழ்ப்பாணத்திலோ “நீங்கள் எவ்விடம்?” என்னும் வினாவுக்குள் ஊரோடு குறிச்சியும், குறிச்சியோடு சாதியும் அறியும் ஆவல் ஒளிந்திருக்கும். அதற்குப் பழகிய செவிக்கு, நாட்டின் பெயரைச் சொன்னாலே நிறைவடைந்துவிடும் நார்வேக்காரரின் வினா விந்தையாகவே இருந்திருக்கும்.

எதிர்மறை வினா இன்னும் இடர் மிகுந்தது. “உன்னிடம் கடவுச்சீட்டு இல்லையா?” என்று கேட்டால் தமிழர் “ஆமாம்” என்பார், ஆமாம், இல்லை என்பது பொருள். நார்வேஜியத்தில் அவ்விடத்தில் ‘நெய்’ என்று மறுக்கவேண்டும். இருக்கிறது என்றால் ‘யா’ போதாது, ‘யூ’ என்னும் தனிச்சொல் வேண்டும். (நெய் என்றால் இல்லை என்பதை ஏற்க என் நாவுக்கு ஒரு வாரம் பிடித்தது.) மரியாதைப் பன்மையும் அங்கு இல்லை. ‘டீ’ என்ற மரியாதைச் சொல் 1970களில் வழக்கிலிருந்து தேய்ந்துவிட்டது; முதலாளியும் மருத்துவரும் மூதாட்டியும் ‘டூ’தான். மூத்தவரை ‘நீ’ என்று சொல்லி வளராதவர் இதற்கு எத்தனை நாள் கூசியிருப்பார் என்பதை எந்தப் பாடநூலும் கணக்கில் கொள்வதில்லை.

நான் சொல்லவந்த செய்தி இனிமேல்தான். தொடக்கநிலையினர்க்குப் பெரும்பாலும் கற்பிக்கப்படுவது பூக்மோல் என்னும் எழுத்துவழக்கு. டென்மார்க்கும் நார்வேயும் 1814வரை ஓர் அரசின் கீழ் இருந்ததால் டேனிய எழுத்துமொழியிலிருந்து கிளைத்தது அது. (அந்த அரசுதான் 1756 முதல் எங்கள் அண்டைத் தீவுகளாகிய நிக்கோபாருக்கும் உரிமை கொண்டாடியது; 1868இல் டென்மார்க் அதை ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தது.) ஃபின்மார்க்கின் ஆலையிலோ பேசப்படுவது வட்டார வழக்கு. அங்கு ‘வா’ என்பது ‘கா’; ‘வூர்’ என்பது ‘கூர்’; ‘நான்’ என்னும் ‘யெய்’ வெறும் ‘ஆ’. வகுப்பில் கற்ற வினாச்சொல் ஒன்றுகூட அங்கு அப்படியே காதில் விழாது.

ஒலி மட்டுமா வேறு? பூக்மோல் வினாவில் வினைச்சொல் இரண்டாமிடத்தில் நிற்பது கட்டாயம். “வூர் பூர் டூ?” – எங்கே வசிக்கிறாய் நீ. தமிழில் வினை இறுதியில் வரும், எனவே தமிழ் பேசுவோரின் நா “வூர் டூ பூர்?” என்று வினையைப் பின்னுக்குத் தள்ளப் பார்க்கும். நானே நூறு முறை தள்ளியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கைப்பேசிச் செயலி சிவப்புக் கோடிட்டது. ஆனால் வடக்கு நார்வேயின் வழக்குகளில் “கூர் டூ பூர்?”, “கா டூ ஹேத்தர்?” என்பவை வழுவற்ற தொடர்கள். வினாச்சொல் ஓரசையாக இருந்து, எழுவாய் ‘நீ’, ‘அவர்’ போன்ற பெயராகவும் இருந்தால், வினை பின்னுக்குப் போவதே அங்கு இயல்பு. நீண்ட வினாச்சொற்கள் வந்தால் மட்டும் வினை மீண்டும் இரண்டாமிடத்திற்கு ஏறும். திரொம்சோக் குழந்தைகள் மிக இளமையிலேயே இந்த நுட்பத்தைக் கைக்கொள்வதை மாரிட் வெஸ்டர்கோர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

ஆக, வகுப்பில் பிழையென்று திருத்தப்படும் அதே சொல்லொழுங்கு மீன் மேசையருகே சரியாகிவிடும். இதில் முரண் என்னவெனில், வட்டார வழக்கை நார்வே அளவுக்குப் போற்றும் நாடுகள் அரிது. ஈவார் ஓசென் 1840களில் ஊரூராக நடந்து வழக்குகளைத் திரட்டினார். அவற்றிலிருந்து அவர் வடித்த எழுத்துமொழிக்கு 1885இல் சம உரிமை கிடைத்தது. 1878இலேயே, தொடக்கப்பள்ளியில் கூடுமானவரை குழந்தையின் சொந்தப் பேச்சுவழக்கிலேயே கற்பிக்கவேண்டும் என நாடாளுமன்றம் தீர்மானித்தது. அந்த நாட்டுக் குழந்தைக்குக் கிடைத்த அந்தச் சலுகையை, வெளியிலிருந்து வந்து அதே வழக்கைப் பேசும் மக்களிடையே வாழத் தொடங்கியவருக்கு முதற்பாடம் தரவில்லை என்பது என் வழக்கு. பாடநூலில் ஒரு பக்கம் போதும்: ‘கா’ என்று கேட்டாலும் அது இதே வினாதான், வினை பின்னால் வந்தாலும் தவறன்று.

இதை எழுதும்போது என் அப்பத்தாவின் நினைவு வருகிறது. பெரார்கஞ்சின் பொதுமொழி இந்தி. பள்ளிக்கூடம் பார்த்திராத அப்பத்தா அதைக் கற்றது மீன் சந்தையில். “மச்சி தாஜா ஹையா?” என்று இந்தி வினையின் இறுதியில் நம் வினா ஆகாரத்தைச் சேர்த்தே கடைசிவரை கேட்டார். விற்பவர் வங்காளியோ மலையாளியோ, யாருக்கும் விளங்காமல் போனதில்லை. மூன்றாம் வகுப்பில் நானும் அப்படியொரு வினாவை எழுதிவைத்தேன். அதன்மேல் விழுந்த சிவப்பு மை குறிப்பேட்டில் இன்னும் இருக்கிறது.