‘காவல்’ என்ற சொல்லும் கல்கத்தாவின் மனநோயாளரும்

மனநெருக்கடி அழைப்புகளுக்குக் காவலருடன் மனநலப் பணியாளரும் செல்ல வேண்டும் என்ற விவாதம் எழும்போதெல்லாம், அதன் வரலாற்றை 1988இல் மெம்ஃபிஸ் நகரக் காவல் துறை அமைத்த நெருக்கடித் தலையீட்டுக் குழுவிலிருந்தே தொடங்குவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவைப் பொறுத்தவரை அது சரி. இந்தியாவில் காவலரையும் மருத்துவரையும் மனநோயாளரின் பொருட்டு ஒரே நடைமுறைக்குள் சட்டம் கொண்டுவந்து 160 ஆண்டுகளுக்கு மேலாகிறது. இருவரில் யார் முதலில் வருகிறார் என்பதே இங்குள்ள சிக்கல்.

1858ஆம் ஆண்டின் 36ஆம் சட்டம், தம் எல்லைக்குள் சுற்றித் திரியும் ‘பித்தரை’ப் பிடித்து நடுவர்முன் நிறுத்தும் கடமையைத் தாரோகாவுக்கு விதித்தது. நடுவர் மருத்துவ அலுவலரின் துணையோடு அவரை விசாரிப்பார். சான்றிதழ் கிடைத்தால் காப்பகத்துக்கு அனுப்புவார். 1912ஆம் ஆண்டுச் சட்டமும் இதே வரிசையைப் பின்பற்றியது. அதன் 13ஆம் பிரிவின் வினை வெளிப்படையாகவே ‘கைது செய்தல்’. மருத்துவர் இங்கே தெருவுக்கு வருபவர் அல்லர். பிடிபட்டவர் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்பதற்குக் கையொப்பம் இடுபவர்.

அந்தக் கட்டடம் பல நேரங்களில் சிறையாகவே இருந்தது. குற்றம் ஏதும் செய்யாதவர்களைக் ‘குற்றமற்ற பித்தர்’ என்ற பெயரில் சிறையில் வைக்கும் வழக்கம் மேற்கு வங்கத்தில் சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்தது. குற்றமற்றவர் என்பதைப் பதிவேட்டிலேயே எழுதிவிட்டு அடைத்துவைத்த நிர்வாகம் அது! ஷீலா பார்சே தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மனநல மருத்துவர் ஆர். சீனிவாச மூர்த்தியையும் சட்ட அறிஞர் அமிதா டாண்டாவையும் ஆணையர்களாக அச்சிறைகளுக்கு அனுப்பியது. அவ்வழக்கம் சட்டத்துக்கும் அரசமைப்புக்கும் முரணானது என 1993 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

கல்கத்தாவில் மனமருத்துவம் பின்தங்கியிருந்ததால் இது நேர்ந்தது என்று சொல்ல இயலாது. இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை கிரீந்திரசேகர் போஸ் 1922இல் இந்நகரில்தான் நிறுவினார். பாலிகஞ்ச் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, தில்ஜலாவில், அச்சங்கத்தின் லும்பினி பார்க் மருத்துவமனை 1940இல் தொடங்கியது. ஆசியாவிலேயே முன்னோடியான ஓர் உளவியல் மரபும், காலனியச் சட்டத்தின் காவல் நடைமுறையும், ஒரே நகரில் ஒன்றையொன்று தொடாமலே அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்திருக்கின்றன.

1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் வினை மாறியது: கைது போய், ‘பாதுகாப்பில் எடுத்தல்’ வந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு அடுத்த அடியை வைத்தது. பாதுகாப்பில் எடுக்கப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு நலவாழ்வு நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்; எந்நிலையிலும் காவல் நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. ஆயினும் சம்பவ இடத்துக்கு மனநலப் பணியாளர் வர வேண்டும் என்று அப்பிரிவு கோரவில்லை. ஒருவருக்கு மனநோய் இருப்பதாக ‘நம்பக் காரணம்’ உண்டா என்பதை அவ்விடத்தில் முடிவுசெய்பவர் இன்றும் காவல் அலுவலரே.

வினை மாறியதால் பொருள் மாறிவிடுகிறதா? மொழியியல் பயின்றவனாக எனக்கு இவ்விடத்தில் ஒரு தயக்கம் உண்டு. தமிழில் ‘காவல்’ என்பது பாதுகாப்பையும் குறிக்கும், நீதிமன்றக் காவல் என்னும்போது அடைத்துவைத்தலையும் குறிக்கும். வங்காளத்தில் போலீஸ் காவலுக்கு வழங்கும் ‘ஹெஃபாஜத்’ என்ற சொல்லும் பாதுகாத்தலைக் குறிக்கும் அரபு மூலத்திலிருந்து வந்ததே. ‘பாதுகாப்பில் எடுத்தல்’ என்று சட்டம் ஆங்கிலத்தில் கவனமாகப் பிரித்துவைத்ததை, இவ்விரு மொழிகளில் எதைப் பேசும் காவலரும் தம் பழகிய சொல்லுக்குள் மீண்டும் கலந்துவிட முடியும்.

ஆகவேதான் சேத்லா எனக்கு முக்கியமாகப்படுகிறது. பாலிகஞ்சுக்கு மேற்கே, ஆதிகங்கைக் கரையிலுள்ள அப்பகுதியின் காவல் நிலையக் கட்டடத்தின் மேல்தளத்தில், மனநோயுடன் தெருவில் வாழ்ந்த பெண்களுக்கான ‘சர்பரி’ இல்லம் அமைந்தது. அதை நடத்துவது 2007இல் உருவான ஈஸ்வர் சங்கல்ப். நோயாளரைக் காவல் நிலையத்திலிருந்து விலக்கிவைப்பதே சீர்திருத்தம் என்று நாம் எண்ணியிருக்க, இங்கே பராமரிப்பே காவல் நிலையத்தின் கூரைக்குக் கீழ் குடியேறியது. கீழ்த்தளத்துக் காவலருக்கு மேல்தளத்துப் பெண்கள் அன்றாடம் கண்ணில் படும் அண்டை வீட்டார். எந்தப் பயிற்சி வகுப்பும் இதைத் தரும் என்று நான் நம்பவில்லை.

அவ்வமைப்பின் ‘நயா தௌர்’ திட்டம் தெருவிலேயே சிகிச்சை அளிப்பது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டி அதை நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. பணியாளர்கள் நோயாளரைத் தேடிச் சென்று பேசுகிறார்கள். தேநீர்க் கடைக்காரர் போன்ற அக்கம்பக்கத்தவர் உணவும் மருந்தும் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்த வாரமும் அதே நடைபாதையில் அவர் இருப்பார் என்பதால்தான் இது சாத்தியமாகிறது. 1858 முதல் 2017 வரை நான்கு சட்டங்களும் மாற்றாமல் வைத்திருக்கும் சொற்றொடர் ‘சுற்றித் திரிபவர்’ என்பது. அவர் எங்கே படுப்பார், எந்த நேரத்தில் எழுவார், யார் கொடுத்தால் உண்பார் என்பதெல்லாம் அந்தத் தேநீர்க் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.