பஞ்ச காலத்துப் பலகாரத் தட்டம்

பண்டிகைக்கு நண்பர்களுக்கு எதைக் கொடுப்பது என்று அண்மையில் இளம் நண்பரொருவர் என்னிடம் கேட்டார். கடைகளில் அழகாகப் பொதி செய்து வைத்திருக்கும் இனிப்புப் பெட்டிகளின் விலை அவருடைய சம்பளத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. வெறுங்கையுடன் போகவும் மனம் வரவில்லை. அவருக்கு உடனடியாக ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டேன். பின்னர் யோசித்துப் பார்த்தபோது, இதே கேள்விக்கு எமது தாய்மார் ஒரு நூற்றாண்டுக்குள் பல தடவைகள் விடை கண்டிருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அந்த விடைகளின் வரலாறு எழுதப்படவில்லை. பத்திரிகையாளர்களாகிய நாமும் பாண் வரிசையைப் பற்றி எழுதினோமே அன்றி, அடுப்படியில் நடந்ததை எழுதவில்லை.

இலங்கையில் பண்டிகை என்றாலே தட்டம் வீட்டுக்கு வீடு போகும். தீபாவளிக்குத் தமிழர் வீடுகளிலிருந்து அரியதரமும் முறுக்கும் பயத்தம் பணியாரமும் போகும். சித்திரைப் புத்தாண்டில் சிங்கள அயலவர் கெவுமும் கொக்கிசும் வாழைப்பழமும் வைத்து, துணியால் மூடி அனுப்புவார்கள். பெருநாளில் முஸ்லிம் வீடுகளிலிருந்து வட்டிலாப்பம் வரும். நத்தாருக்கு ரவையும் கஜுவும் சேர்த்த கேக் துண்டுகள் கடதாசியில் சுற்றி வரும். எவரிடமிருந்து வந்தாலும் தட்டத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது, இரண்டு வெற்றிலையாவது அதில் இருக்கும்.

இந்த வழக்கம் முதலில் பெருஞ்சோதனைக்கு உள்ளானது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலாகும். அக்கால இலங்கை தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தே பெற்று வந்தது. 1942 மார்ச் மாதத்தில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பு மீது குண்டு வீசப்பட்டது. அதிலிருந்து பத்து நாள்களுக்குள் சித்திரைப் புத்தாண்டு வந்தது. அவ்வாண்டிலேயே அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவும் பஜிரியும் கொடுக்கப்பட்டன. என் தாயார் அப்போது பத்து வயதுச் சிறுமி. அந்த ஆண்டு தம் வீட்டில் அரிசிமாப் பலகாரம் எதுவும் சுடவில்லை என்றும், எள்ளையும் பனங்கட்டியையும் உரலில் இடித்து உருட்டிய எள்ளுருண்டையே எல்லா வீட்டுக்கும் போனது என்றும் அவர் சொல்வார்.

கோதுமை மா எமது வீடுகளில் அன்றாட உணவாக வேரூன்றியது பெரும்பாலும் இந்தப் பங்கீட்டின் விளைவாகவே. போர் முடிந்த பின்னரும் அது போகவில்லை. அதனுடன் வெள்ளைச் சீனியும் சேர்ந்துகொண்டது. பழைய பலகாரங்களுக்கு வேண்டிய அரிசி, பயறு, எள், தேங்காய், பனங்கட்டி ஆகியவற்றில் பெரும்பாலானவை வளவிலோ ஊர்ச் சந்தையிலோ கிடைத்தன. மாவும் சீனியும் கப்பலில் வந்தன. எமது பண்டிகைத் தட்டம் துறைமுகத்தை நம்பத் தொடங்கிய கதை இதுதான். பிற்காலத்தில் ஏற்பட்ட ஒவ்வொரு தட்டுப்பாட்டின்போதும் எமது பெண்கள் பழைய பண்டங்களுக்கே திரும்பினார்கள். முன்னேறிவிட்டோம் என்று எண்ணி நாம் கைவிட்டவையே நெருக்கடியில் கைகொடுத்தன.

1973, 1974 ஆகிய ஆண்டுகளை என் வயதுடையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலகச் சந்தையில் உணவு விலையும் எண்ணெய் விலையும் ஏறின. அந்நியச் செலாவணி இல்லை. கூப்பன் அரிசி குறைக்கப்பட்டது. சீனியும் மாவும் அரிதாயின. பாணுக்காக விடியுமுன்னரே வரிசையில் நின்றோம். அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்வதைத் தடுக்க வீதித் தடைகள் போடப்பட்டன. சிங்கள மக்கள் அவற்றை 'ஹால் பொல்ல' என்று அழைத்தார்கள். வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டதால் யாழ்ப்பாணத்து விவசாயிகளின் கையில் பணம் புரண்டதும் அதே காலத்தில்தான். பணம் இருந்தும் சங்கக்கடையில் சீனி இல்லாத விசித்திரமான காலம் அது. எங்கள் வீட்டில் குரக்கன் மாவை வறுத்து, பனங்கட்டிப் பாகில் பிசைந்து உருட்டினார்கள். சீனி அரியதரம் பனங்கட்டி அரியதரமாகக் கறுத்துப் போனது. சிறுவர்களாகிய நாங்கள் முகத்தைச் சுளித்தோம். ஆனால் பக்கத்து வீடுகளிலிருந்து வந்த தட்டங்களிலும் அதே கறுத்த அரியதரத்தைக் கண்டபோது எங்கள் மனக்குறை தீர்ந்தது. எல்லார் வீட்டிலும் ஒன்றேதான் இருந்தது.

1990 யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது வடபகுதி நிலைமை வேறாயிற்று. மின்சாரம் நின்றது. எரிபொருளும் உரமும் சவர்க்காரமும் மின்கலங்களும் தடைக்கு உள்ளாயின. மண்ணெண்ணெய் பொன்னைப் போலாயிற்று. சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழக் களியில் துணி தோய்த்தோம். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்தோம். யாழ்ப்பாணத்து நாளிதழ்கள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. நான் செய்தி எழுதிய தாளும், அது அச்சாகி வந்த தாளும், பின்னர் அதைக் கிழித்துப் பலகாரம் சுற்றிய தாளும் ஏறக்குறைய ஒரே தாளாக இருந்த காலம் அது.

அக்காலத்தில் பனையே எமக்குத் துணை. ஆவணி, புரட்டாதியில் பழம் விழும். அதன் களியைப் பாயில் படை படையாக ஊற்றி வெயிலில் காயவிட்டால் பனாட்டு. விதையைப் புதைத்தால் தைப்பொங்கலை அண்டிக் கிழங்கு. அதைப் பச்சையாகப் பிளந்து காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். இவற்றுக்கு எண்ணெயும் வேண்டாம், சீனியும் வேண்டாம். மாதக்கணக்கில் பழுதாகாது. முன்னர் விருந்தினருக்கு வைக்கக் கூச்சப்பட்ட புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டுடன் ஓலைப்பெட்டியில் வைத்து, பொங்கலுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். எங்கள் ஒழுங்கையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பமொன்று வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயும், உலர்ந்த பழங்களுக்குப் பதில் பாகில் போட்ட பப்பாசிக்காய்த் துண்டுகளும் சேர்த்து, மேலும் கீழும் தணல் போட்டுக் கேக் சுட்டது. அதைப் போன்ற கேக்கை நான் பின்னர் எங்கும் உண்டதில்லை.

இந்தத் தட்டங்களின் உண்மையான பயனை அக்காலத்தில்தான் நான் விளங்கிக்கொண்டேன். மரணம் நிகழ்ந்த வீட்டில் ஆண்டு முடியும்வரை பண்டிகை கொண்டாடுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. அயலவர்களே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். போர்க் காலத்தில் அப்படிப்பட்ட வீடுகள் ஒழுங்கைக்கு ஒழுங்கை பெருகின. உழைப்பவரை இழந்த வீடுகள் அவற்றுள் பல. அரிசியையோ பணத்தையோ கொண்டுபோய் நீட்டினால் அவர்கள் வாங்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்து மானம் அப்படிப்பட்டது. "தீபாவளிப் பலகாரம், பிள்ளையளுக்குக் குடுங்கோ" என்று சொன்னால் மறுக்க முடியாது. என் தாயார் அந்த வீடுகளுக்கு அனுப்பும் தட்டத்தில் பயத்தம் உருண்டைக்குக் கீழே இரண்டு கொத்து அரிசியும் இருக்கும். அதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. தட்டம் திரும்பி வரும்போது முருங்கை இலையோ நான்கு தேசிக்காயோ அதில் இருக்கும். கொடுத்தவர், வாங்கியவர் என்ற பேதம் அந்தத் தேசிக்காய்களுடன் தீர்ந்துவிடும்.

1995ஆம் ஆண்டுத் தீபாவளி ஷெல் சத்தங்களுக்கிடையே கடந்தது. அப்போதும் அம்மா பயறு வறுத்தார். அது முடிந்து சில நாள்களிலேயே, ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். நாங்களும் நடந்தோம். தகரத்தில் எஞ்சியிருந்த பயத்தம் உருண்டைகளைத் தலையணை உறையில் கட்டி எடுத்திருந்தோம். நாவற்குழிப் பாலத்தை நெருங்குவதற்கு முன்னர், எங்களோடு நடந்த முகமறியாப் பிள்ளைகளுக்கு அம்மா அவற்றை ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்துவிட்டார்.

2022ஆம் ஆண்டில் முழு நாடும் அந்த அனுபவத்தின் ஒரு பகுதியைக் கண்டது. எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, எரிபொருளுக்கு வரிசை. கொழும்பில் உணவுப் பணவீக்கம் செப்டெம்பர் மாதத்தில் 94.9 வீதத்தை எட்டியது. அடுத்த மாதமே தீபாவளி. கொழும்பில் நாங்கள் வசிக்கும் தொடர்மாடியில் அவ்வாண்டு தட்டங்கள் நின்றுவிடும் என்றே எண்ணினேன். நிற்கவில்லை, சிறுத்துப் போயின, அவ்வளவுதான். ஆறு உருண்டை வைத்த இடத்தில் மூன்று வைத்தோம். கீழ்மாடியிலிருந்த சிங்களக் குடும்பம் எங்கள் தட்டத்தில் இரண்டு கித்துள் கருப்பட்டித் துண்டுகளை வைத்துத் திருப்பி அனுப்பியது.

இவ்விடத்தில் ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். இந்தப் பரிசுகள் மலிவானவை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பணம் குறைவு என்பது சரி. பயறு வறுத்தவரும், உரலில் இடித்தவரும், நடுச்சாமம்வரை அடுப்பின் முன் இருந்தவரும் பெண்கள். எமது கணக்கில் அவர்களுடைய நித்திரைக்கு விலை போடப்படவில்லை. இன்றைய இளைஞர்கள் இவ்வழக்கத்தை மீட்கவேண்டுமானால், வறுப்பதிலும் இடிப்பதிலும் ஆண்களும் கைவைக்க வேண்டும். என் தாயார் இருந்தபோது நான் அதைச் செய்யவில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு.

இளம் நண்பருக்கு நான் சொல்லி அனுப்பிய பதில் இதுதான்: பயற்றை மணம் வரும்வரை வறுத்து மாவாக்குங்கள். தேங்காய்ப்பூவை ஈரம் போகும்வரை தனியாக வறுங்கள். மிளகும் சீரகமும் பொடித்துச் சேருங்கள். சீனியோ சர்க்கரையோ கலந்து, கொதிநீரை அளவோடு தெளித்து, சூடு ஆறுமுன் உருட்டுங்கள். எண்ணெய் தேவையில்லை. ஈரம் குறைவாக இருப்பதால் பல நாள்கள் இருக்கும். கடைப் பெட்டி வேண்டாம், வீட்டிலுள்ள தட்டத்திலேயே வைத்துக் கொடுங்கள்.

தட்டத்தை வாங்கியவர் அதைத் திருப்பித் தரவேண்டுமல்லவா? அப்போது இன்னொரு தடவை உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்.